கொழும்பின் ஈரக் காற்றில் நிலைமின்னைச் சேர்த்து வைக்க எந்தக் கொள்ளளவி நல்லது?

அக்காவின் மகன் தரம் 10 படிக்கிறான். பாடசாலைக் கண்காட்சிக்கு வீட்டிலேயே ஒரு கொள்ளளவி செய்து காட்டுவதாகப் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு ஜாம் போத்தலும் ஒரு சுருள் அலுமினியத் தாளும். போத்தலின் உள்ளேயும் வெளியேயும் தாளை ஒட்டி, மூடியில் ஆணி இறக்கி, பிளாஸ்டிக் கதிரையின் மேல் வைத்து, பீவீசி குழாயை உரசி உரசி ஆணியில் தொட்டோம். இருட்டும் வரை ஒரு பொறிகூட வரவில்லை. "சித்தி, படத்தில இருக்கிற மாதிரித்தானே செய்தனாங்கள். ஏன் ஒண்டும் நடக்கேல்ல?" என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. படம் சரிதான். ஆனால் அந்தப் படத்தை வரைந்தவர் குளிர்கால ஐரோப்பாவின் வறண்ட அறையில் இருந்து வரைந்திருப்பார். நாங்கள் கடலில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறோம். அடுத்த பத்து நாட்களில் நான்கு விதமாகச் செய்து பார்த்தோம். இதே வேலையில் இறங்கப் போகும் பிள்ளைகளுக்கும், அவர்களோடு உட்காரப் போகும் பெற்றோருக்கும் எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. இரண்டு உலோகப் பரப்புகள், நடுவில் மின்னைக் கடத்தாத ஒரு பொருள், அவ்வளவுதான் கொள்ளளவி. ஒரு வோல்ட்டுக்கு அதில் எவ்வளவு மின்னேற்றம் சேரும் என்பதே அதன் கொள்ளளவம். உலோகப் பரப்பு கூடினால் அது கூடும். நடுவில் உள்ள பொருள் தடித்தால் குறையும். அந்தப் பொருள் எது என்பதும் கணக்கில் வரும். நடுவில் காற்று இருந்தால் வரும் கொள்ளளவத்தை 1 என்று வைத்தால், பொலித்தீனுக்கு 2.3, ஓவர்ஹெட் புரொஜெக்டருக்குப் பயன்படுத்திய தெளிவான பொலியெஸ்டர் தாளுக்கு 3 சொச்சம், சாதாரண கண்ணாடிக்கு 6, 7. இதைப் படித்த எவரும் "கொள்ளளவம் பெரிதாக வருவதைச் செய்வோம்" என்றுதான் முடிவெடுப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது பிழையான முடிவு. ஏன் பிழை என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது சொல்கிறேன்.

கண்ணாடிப் போத்தலில் தொடங்குவோம், ஏனென்றால் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு ஒரு பெருமையும் உண்டு. 1745இல் பொமரேனியாவில் ஃபொன் கிளைஸ்ட்டும், அடுத்த சில மாதங்களுக்குள் ஹொலாந்தின் லெய்டன் நகரில் முஷன்ப்ரூக்கும் ஒருவரை ஒருவர் அறியாமல் கண்டுபிடித்தது இதைத்தான். லெய்டன் சாடி என்ற பெயர் அந்த ஊரால் வந்தது. சுவர் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு ஜாம் போத்தலில், அடியோடு சேர்த்து 240 சதுர சென்ரிமீற்றர் அளவுக்குத் தாள் ஒட்டினால் சுமார் 450 பிக்கோஃபரட் (கொள்ளளவத்தை அளக்கும் ஒரு சிறிய அலகு) வரும். கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை கண்ணாடியின் தோலில் இருக்கிறது. சாதாரண கண்ணாடி ஈரத்தை விரும்பும் பொருள். காற்றில் உள்ள நீராவி அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமாகப் படியும். கண்ணாடியில் உள்ள சோடியம் அந்தப் படலத்தில் கரைய, அது மின் கசியும் பாதையாகிவிடும். கொழும்பில் பகலில்கூட ஈரப்பதன் சாதாரணமாக 70 சதவீதத்துக்குக் கிட்ட நிற்கும். இரவிலும் விடியற்காலையிலும் 85, 90 என்று ஏறும். இதோடு கடற்காற்றின் உப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் இருப்பவர்களுக்கு யன்னல் கண்ணாடியில் விரலை வைத்தாலே தெரியும் அந்தப் பிசுபிசுப்பு. சாப்பாட்டு உப்பு, ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைட்டும் இருப்பதால் அது அதற்கு முன்னரே ஈரமாகும். ஆக, யன்னலோரம் இரண்டு நாள் வைத்த போத்தலின் கழுத்து எங்கள் ஊரில் ஒரு மெல்லிய உப்புநீர்க் கம்பி. மேலே ஆணியில் நாம் கொடுக்கும் ஏற்றம் அந்தக் கழுத்து வழியாக வெளித் தாளுக்கு இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. நாங்கள் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தோம்.

இதற்கு மருந்து உண்டு. போத்தலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கடைசியாக ஆர்.ஓ. தண்ணீரால் (உப்பை வடித்தெடுத்த தண்ணீர்) அலசி, நன்றாகக் காயவைத்து, கழுத்தை உள்ளும் புறமும் உருக்கிய மெழுகால் பூச வேண்டும். மெழுகு ஈரத்தை ஒட்டவிடாது. இப்படிச் செய்த பிறகு அதே போத்தல் பொறி தந்தது. ஆனால் குறுகிய வாய்க்குள் கைவிட்டுத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது பெரும் பாடு. கீழே விழுந்தால் உடையும். மெழுகுப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் பழைய கதைதான். வரலாறு காட்டும் மேசைக்கு இதைத் தாராளமாகத் தெரிவு செய்யலாம். பொறி நிச்சயமாக வரவேண்டும் என்றால் வேண்டாம்.

இரண்டாவது வழி, உள்ளே தாள் ஒட்டுவதற்குப் பதிலாக உப்புத் தண்ணீர் ஊற்றுவது. ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம், ஒட்டுகிற தொல்லை இல்லை. முஷன்ப்ரூக்கின் சாடியிலும் உள்ளே தண்ணீர்தான் இருந்தது. ஆனால் நம் சூட்டில் தண்ணீர் ஆவியாகி மேல் சுவரில் உள்பக்கமாக வியர்க்கிறது. கழுத்து வெளியே எவ்வளவு உலர்ந்திருந்தாலும் உள்ளே நனைந்துவிடும். தண்ணீருக்கு மேல் ஒரு விரற்கடை சமையல் எண்ணெய் ஊற்றினால் கொஞ்சம் குறையும் என்றாலும், அதைத் தூக்கிக்கொண்டு பஸ்சில் போய்ப் பாருங்கள். இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

மூன்றாவது, தட்டை வகை. இதில்தான் என் மனம் முதலில் விழுந்தது. ஏ4 அளவு பொலியெஸ்டர் தாள் ஒன்று, அதன் இரு பக்கமும் அலுமினியத் தாள், நான்கு ஓரமும் இரண்டரை சென்ரிமீற்றர் விட்டுவிட வேண்டும். தாளின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். கணக்குப் போட்டால் 11 நானோஃபரட்டுக்கு (11,000 பிக்கோஃபரட்) மேல் வருகிறது, அதாவது ஜாம் போத்தலைப் போல 25 மடங்கு! அக்கா மகன் துள்ளிக் குதித்தான். அரை நாள் உரசினோம். பொறி இல்லை.

இங்கேதான் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் விடயம் முழு உருவத்தோடு முன்னால் வந்து நின்றது. ஏற்றத்தைக் கொள்ளளவத்தால் வகுத்தால் வருவதுதான் வோல்ட்டில் அளக்கும் மின்னழுத்தம். அதே அளவு தண்ணீரைக் குவளையில் ஊற்றினால் மட்டம் உயரும், அண்டாவில் ஊற்றினால் அடி நனைவதோடு சரி. நம்மிடம் இருக்கும் தண்ணீர் எவ்வளவு? காற்று தாங்கக்கூடிய மின்புலத்துக்கு ஒரு எல்லை உண்டு, சுமார் மில்லிமீற்றருக்கு 3,000 வோல்ட்டு. அதன்படி ஒரு சதுர மீற்றர் பரப்பில் 26 மைக்ரோகூலோமுக்கு (ஏற்றத்தை அளக்கும் அலகு) மேல் ஏற்றம் நிற்காது. 2 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயை அரை மீற்றர் நீளத்துக்கு உரசினால், எல்லாம் உச்சமாக நடந்தாலும் ஒரு மைக்ரோகூலோமைத் தொடாது. நடைமுறையில் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். சரி, பல தடவை உரசி ஒரு மைக்ரோகூலோம் சேர்த்துவிட்டோம் என்று வைப்போம். ஜாம் போத்தலில் அது 2,200 வோல்ட்டு; ஒரு சிறிய பொறிக்குப் போதும். 11 நானோஃபரட் தட்டில் அதுவே வெறும் 90 வோல்ட்டு. காற்றில் பொறி பாய எவ்வளவு சிறிய இடைவெளி விட்டாலும் குறைந்தது 330 வோல்ட்டுக்குக் கிட்ட வேண்டும். 90 வோல்ட்டுக்குப் பொறி வரவே வராது. எங்கள் தட்டு ஏற்றத்தைச் சேர்த்துத்தான் இருந்தது. எங்களுக்குத்தான் அது தெரியவில்லை.

அதற்காகத் தட்டை வகையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கு நான் இதைத்தான் சொல்வேன். கொள்ளளவம் அளக்கும் வசதி உள்ள சாதாரண மல்ற்றிமீற்றரில் நானோஃபரட் அளவை எளிதாக அளக்கலாம். பரப்பைப் பாதியாக்கி அளக்கலாம், தாளை இரட்டிப்பாக்கி அளக்கலாம், சூத்திரம் கண்முன்னே நிற்கும். ஏற்றாமல், முழுதாக இறக்கிய நிலையில் மட்டும் அளக்க வேண்டும், மறந்தால் மீற்றர் பழுதாகும். அளக்கும்போது எங்களுக்கு வந்தது கணக்கில் பாதிக்கும் குறைவு. காரணம், தாளுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் சிக்கிய காற்று. 0.05 மில்லிமீற்றர் காற்று இருந்தாலே கொள்ளளவம் பத்தில் நான்கு பங்காக விழுந்துவிடும். மேலே ஒரு பலகையும் நாலைந்து தடித்த புத்தகங்களும் வைத்தபோது மீற்றரில் எண் ஏறியதைப் பார்த்த அவன் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டை நடுவில் வைத்தும் பார்த்தோம். அது இன்னும் மெல்லியது, எண் இன்னும் கூடுகிறது. ஆனால் அவ்வளவு மெல்லிய தாளில் ஊசித்துளை ஒன்று இருந்தாலே எல்லாம் அந்த வழியால் போய்விடும். அளப்பதற்கு மட்டும் சரி.

நான்காவது, நாங்கள் கடைசியில் கண்காட்சிக்குக் கொண்டுபோனது. ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் கப், கொஞ்சம் விறைப்பானவை. இரண்டிலும் வெளிப்பக்கமாக மட்டும் தாளைச் சுற்றி, ஒன்றை மற்றதற்குள் இறக்கிவிட வேண்டியதுதான். உள் கப்பின் தாள் ஒரு பரப்பு, வெளிக் கப்பின் தாள் மறு பரப்பு, நடுவில் வெளிக் கப்பின் சுவர். உள்ளே கைவிட்டு ஒட்டும் வேலையே இல்லை. விளிம்பிலிருந்து மூன்று சென்ரிமீற்றர் வெறுமையாக விட்டுவிடுங்கள். உள் தாளில் இருந்து ஒரு தாள் நாக்கை மேலே எடுத்து, நுனியில் அலுமினியத் தாளை இறுக்கி உருட்டிய உருண்டையைப் பொருத்துங்கள். உருண்டை ஏன் என்றால், கூரான நுனி எதுவாக இருந்தாலும் அங்கிருந்து ஏற்றம் காற்றில் கசியும். எங்கள் முதல் போத்தலின் ஆணியே ஒரு பிழைதான். தாளின் வெட்டிய ஓரங்களையும் மடித்து, விரலால் வழித்து மழுங்கச் செய்யுங்கள்.

7 சென்ரிமீற்றர் விட்டம், 8 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தாள், அரை மில்லிமீற்றர் சுவர் என்றால் கணக்குப்படி 700 பிக்கோஃபரட். காற்றிடைவெளியால் அதில் பாதி கிடைத்தாலும் 350. ஒரு மைக்ரோகூலோமுக்கு 1,400இலிருந்து 2,900 வோல்ட்டு வரை ஏறும். போத்தலுக்கு ஏறக்குறையச் சமம்தான், ஆனால் பொலிப்புரொப்பிலீன், பொலிஸ்ரைரீன் போன்ற பிளாஸ்டிக்குகள் தண்ணீரை ஒட்டவிடாதவை. கண்ணாடியில் படலமாகப் பரவும் ஈரம் இவற்றில் பரவாது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து உப்பை எடுத்துவிட்டு, ஹெயார் ட்ரையரால் இரண்டு நிமிடம் சூடு காட்டினால் போதும். உடையாது, பையில் போட்டுக்கொண்டு போகலாம், விலையும் பெரிதல்ல. எல்லாம் வெள்ளவத்தைக் கடைத்தெருவிலேயே கிடைக்கும். புறக்கோட்டைக்குப் போகவேண்டி வந்தது நியோன் குமிழுக்கு மட்டும்தான், முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினோம்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொன்றும் உண்டு. கப்பில் ஏற்றத்தைச் சேர்த்து, உள் கப்பை மெதுவாக வெளியே தூக்கிப் பிரித்துக் காட்டலாம். ஏற்றம் எங்கே இருக்கிறது, உலோகத்திலா, நடுவில் உள்ள பொருளிலா என்று பெஞ்சமின் ஃபிராங்ளின் 1740களின் கடைசியில் சாடியைக் கையில் வைத்துக்கொண்டு மண்டையை உடைத்த கேள்வி அது. பார்வையாளர் கேட்கத் தொடங்கினால் அரை மணி நேரம் போகும்.

எதைத் தெரிவு செய்தாலும் வெளித் தாளை ஒருவர் கையால் பிடித்திருக்க வேண்டும், அல்லது அது நிலத்தோடு தொடுக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் முதல் நாளின் இரண்டாவது பெரிய பிழை பிளாஸ்டிக் கதிரை. வெளித் தாளில் இருந்து ஏற்றம் போகவோ வரவோ வழியில்லாவிட்டால் உள்ளேயும் சேராது. லெய்டனில் அந்த முதல் அதிர்ச்சி விழுந்ததும் சாடியைக் கையில் பிடித்திருந்ததால்தான். மேசையில் வைத்திருந்தால் அன்று எதுவும் தெரிய வந்திருக்காது.

அடுத்து ஏற்றம் எங்கிருந்து எடுப்பது. புத்தகங்கள் கம்பளித் துணியால் உரசச் சொல்கின்றன. கொழும்பில் யார் வீட்டில் கம்பளி இருக்கிறது? நுவரெலியாவுக்குப் போய் வந்தவர்களிடம் ஒரு ஸ்வெட்டர் இருக்கலாம். அம்மாவின் பழைய நைலெக்ஸ் சேலைத் துண்டு எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. உலர்ந்த டிஷ்யூ தாளும் பரவாயில்லை. ஆனால் குழாயை விட எலக்ட்ரோபோரஸ் மேல் என்பது என் உறுதியான கருத்து. வோல்ட்டா 1775இல் பெயர் கொடுத்துப் பரப்பிய கருவி இது. ஒரு தட்டையான பிளாஸ்டிக் பலகையை உரசி, அதன்மேல் பிளாஸ்டிக் கைபிடி ஒட்டிய அலுமினியத் தட்டை வைத்து, தட்டை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுத் தூக்கினால் தட்டில் ஏற்றம். அதைக் கப்பின் உருண்டையில் தொட்டு இறக்கிவிட்டு மறுபடி வைக்கலாம், தொடலாம், தூக்கலாம். ஒவ்வொரு முறையும் உரசத் தேவையில்லை. ஈரக் காற்றில் பலகை மெல்ல மெல்லச் சோரும், அப்போது மட்டும் இன்னொருமுறை உரசினால் சரி. கசிவை முந்திக்கொண்டு நிரப்ப வேண்டிய ஊரில் இந்த வேகம் பெரிய விடயம்.

பொறி வராத நாளிலும் காட்ட ஏதாவது வேண்டும் அல்லவா? மின் சோதிக்கும் டெஸ்டருக்குள் இருப்பதைப் போன்ற நியோன் குமிழ் ஒன்றை எடுத்து, ஒரு காலை வெளித் தாளில் தொடுத்து, மறு காலைப் பிளாஸ்டிக் பிடியால் பிடித்து உருண்டைக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒரு மின்னல் அடிக்கும். எதிர் ஏற்றம் உள்ள பக்கத்துக் காலில்தான் ஒளி தெரியும், ஆகவே எது நேர், எது எதிர் என்றும் சொல்லிவிடலாம். தட்டை வகைக்கும் இது பேச்சுக் கொடுக்கும், ஏனென்றால் நியோன் குமிழ் நூறுக்கும் குறைந்த வோல்ட்டிலேயே எரியத் தொடங்கும்.

ஆபத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லவேண்டும். கப்பை 10,000 வோல்ட்டு வரை ஏற்ற முடிந்தாலும் அதில் உள்ள சக்தி 0.035 ஜூல், சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஏ4 தட்டுகள் பத்தைப் பக்கம்பக்கமாகத் தொடுத்து அதே அழுத்தத்துக்கு ஏற்றினால் 5 ஜூலுக்கு மேல் போகும். 10 ஜூல் ஒருவருடைய உயிரை எடுக்கக்கூடிய அளவு. ஆகவே தட்டைகளை அடுக்கிப் பெருக்க வேண்டாம், கப்புகளையும் நாலைந்துக்கு மேல் சேர்க்க வேண்டாம். நுளம்பு அடிக்கும் மட்டையின் சுற்று, மைக்ரோவேவ் அடுப்பின் உட்பாகம், பழைய பெட்டித் தொலைக்காட்சியின் பின்பக்கம், சுவர் மின்சாரம் இவற்றில் ஒன்றைக்கூட ஏற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. 1746இல் நொல்லே என்ற விஞ்ஞானி பிரெஞ்சு அரசன் முன்னால் 180 காவலர்களைக் கைகோர்க்க வைத்து அதிர்ச்சி கொடுத்தார் என்று படித்துவிட்டு வகுப்பு முழுவதையும் கைகோர்க்க வைக்காதீர்கள். வரிசையில் இதய நோயுள்ள பிள்ளையோ, பேஸ்மேக்கர் வைத்த பெரியவரோ இருக்கலாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

காலத்தையும் நேரத்தையும் தெரிவு செய்ய முடிந்தால் அதுவும் பாதி வெற்றி. எங்களுக்கு நல்லது ஜனவரி, பெப்ரவரி; மே தொடங்கினால் தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் இடிமழை. ஒரே நாளிலும் காலையை விட வெயில் ஏறிய மதியம் நல்லது, ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில். கண்காட்சி மண்டபத்தில் ஏசி ஓடினால் அதன் கீழே மேசை கேளுங்கள். ஏசி காற்றில் உள்ள நீரைப் பிழிந்து எடுத்துவிடும். கூட்டம் கூடக்கூட மூச்சாலும் வியர்வையாலும் ஈரம் ஏறும் என்பதால் எங்கள் மேசையில் ஹெயார் ட்ரையர் கடைசிவரை இருந்தது. அன்று கப் இரண்டு மில்லிமீற்றருக்குப் பொறி தந்தது.

முடிந்ததும் கப்பில் உள்ள ஏற்றத்தை இறக்க, இரு முனையும் தோல் உரித்த காவலி வயரின் ஒரு முனையை முதலில் வெளித் தாளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு முனையை உருண்டைக்குக் கொண்டுபோங்கள். பொறி விழுந்துவிட்டது என்று உடனே பையில் போடவேண்டாம். நடுவில் உள்ள பொருள் உறிஞ்சி வைத்த ஏற்றம் மெல்லத் திரும்பி வரும்; இரண்டு, மூன்று நிமிடம் கழித்துத் தொட்டால் சின்னதாக இன்னொரு பொறி கேட்கும். அந்த வயரை அப்படியே இரு தாளுக்கும் நடுவில் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் அக்கா மகன் கப்பைப் பையில் வைத்தான்.